டொட்ஜ் வாங்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். டொட்ஜ்தான், சந்தேகமே இல்லை. அமெரிக்க இராணுவத்தின் முக்கால் தொன் லொறி. 1942 முதல் 1945 வரை இந்த வரிசையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் வண்டிகள் செய்தார்கள். எஞ்சின் மாற்றியது என்று விற்பவர் இழுத்து இழுத்துச் சொன்னதாக எழுதியிருந்தாய். அதற்கு ஏன் முகம் சுளிக்கிறாய்? என்னுடையதும் இசுசு டீசல் போட்டதுதான்.

ஒரிஜினல் எஞ்சின் இல்லாவிட்டால் அது டொட்ஜே இல்லை என்று சொல்லும் ஆட்கள் கொழும்பில் இருக்கிறார்கள். அவர்களுடைய வண்டிகளில் பாதி தார்ப்பாய்க்குக் கீழேதான் கிடக்கின்றன. பழைய எஞ்சினை நான் குறை சொல்லவில்லை. ஆறு சிலிண்டர், 3.8 லீற்றர், 92 குதிரைவலு. நிமிடத்துக்கு 1,200 சுற்றிலேயே 244 நியூட்டன் மீற்றர் இழுக்கும். டர்போ இல்லாத 2.8 லீற்றர் இசுசு 4ஜேபி1 அதற்குக் கிட்டவும் வராது. ஆனால் அந்தப் பெற்றோல் செலவை யார் தாங்குவது? இசுசுவுக்கு ஒரு கேஸ்கட் வேண்டுமென்றால் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இந்தக் கடையில் இல்லாவிட்டால் அடுத்த கடையில் இருக்கும். டொட்ஜுக்கு அமெரிக்காவிலிருந்து எடுப்பிக்க வேண்டும்.

டீசல் போட்டதால் பறக்கும் என்று மட்டும் நினைக்காதே. டிஃபரன்ஷியல் விகிதம் 5.83, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் கிட்டத்தட்ட ஆறு முறை சுற்ற வேண்டும். அந்தக் காலத்திலேயே மணிக்கு 54 மைல்தான் உச்சம், இப்போதும் அந்த அளவில்தான் நிற்கும். கட்டுநாயக்க அதிவேக வீதி ஆசையை விட்டுவிடு.

சரி, எஞ்சினை விடு. நீ பார்க்க வேண்டியது பிரேக். நாலு சக்கரத்துக்கும் டிரம், எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்க் குழாய் வழி. எங்கேயாவது ஒரு ரப்பர் கிழிந்தால் நாலும் போய்விடும். மிதிக்கும் காலுக்குத் துணை தரும் சர்வோவும் கிடையாது. இரண்டரை தொன் இரும்பை உன் வலது கால் மட்டுமே நிறுத்த வேண்டும். காலி வீதியில் பஸ்காரன் திடீரென்று ஆள் ஏற்ற நிறுத்தும்போது பெடலில் ஏறி நிற்பதைப் போலத்தான் இருக்கும். ஆகவே படுத்துக் கீழே பார். பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் புதிதா, முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறு வழி பிரித்திருக்கிறார்களா, சர்வோ இருக்கிறதா. சர்வோ வெற்றிடத்தில்தான் வேலை செய்யும். டீசல் எஞ்சின் பெற்றோல் எஞ்சினைப் போல வெற்றிடத்தைத் தானாகத் தராது, அதற்குத் தனிப் பம்ப் வேண்டும். 4ஜேபி1இல் அது ஆல்டனேட்டரின் பின்னாலேயே வரும். அதைக் கழற்றி வேறு ஆல்டனேட்டர் போட்டிருந்தால் சர்வோ இருந்தும் பலனில்லை. ஹேண்ட்பிரேக்கும் சக்கரத்தில் இல்லை, சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டில் இருக்கிறது. கியர்பெட்டியை மாற்றுகிறவர்கள் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மறந்துபோவது உண்டு.

கியர்பெட்டி பழையதா என்றும் கேள். பழையது என்றால், கியர்களின் வேகத்தைத் தானாக ஒப்பாக்கும் சிங்க்ரோ இல்லை. கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, கிளச்சை விட்டு, அக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி மிதித்துக் கீழ்க் கியரைப் போட வேண்டும். வெள்ளவத்தைச் சந்தியில் பின்னால் ஹோர்ன் அடிக்க அடிக்க இதைச் செய்து பார், பொறுமை தானாக வரும். ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால் பஸ்ஸை முந்தவும் முடியாது. பக்கத்து சீட்டில் இருப்பவர் ‘போகலாம், போகலாம்’ என்றால்தான் போகலாம். அந்த வேலைக்கு உன் மச்சானைக் கூப்பிடாதே, அவன் எப்போதும் போகலாம் என்றுதான் சொல்வான்.

ரிம் இரண்டு துண்டாக, சுற்றிவர நட் போட்டு இருந்தால் ஒன்று சொல்கிறேன், நன்றாகக் கேள். காற்று முழுக்க இறங்காமல் அந்த நட்டில் யாரும் கைவைக்கக் கூடாது. ஆளைக் கொல்லும். புதுப் பையன்கள் இருக்கிற ரயர் கடைக்குப் போகாதே.

வண்டியின் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் மாற்றிப் பதிந்திருக்கிறதா என்று பார். பதியாவிட்டால் அதை விற்பவரே முடித்துத் தரட்டும், நாரஹேன்பிட்டி மோட்டார் வாகனத் திணைக்களத்துக்கு நீ அலையாதே. இலக்கத்தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ இருக்கிறது என்றாய். அந்த எழுத்து 1957இல் வந்தது. நம்மவர்கள் எதிர்ப்புக் காட்டித் தார் பூசிய அதே எழுத்துத்தான். போர் முடிந்த கையோடு பதிந்திருந்தால் ஆங்கில எழுத்து இருந்திருக்கும். அதனால் ‘1945இலிருந்து எங்கள் குடும்ப வண்டி’ என்ற கதைக்கு விலை கூட்டாதே.

கடைசியாக நிறம். பச்சை அடித்து வெள்ளை நட்சத்திரம் போடப் போகிறாயாம். ஒரிஜினல் என்றால் அதுதான், எனக்கும் தெரியும். ஆனால் சித்தியையும் நினை. இராணுவச் சுற்றிவளைப்புக் காலத்தில் பச்சை லொறி ஒழுங்கைக்குள் திரும்பும் சத்தம் கேட்டதும் அடையாள அட்டைகளையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவர் அவர். எஞ்சினையே மாற்றிய வண்டிக்கு நிறத்தில் மட்டும் என்ன சுத்தம்? என்னுடையது சாம்பல் நீலம். பிள்ளைகள் ஐஸ்கிரீம் வண்டி என்கிறார்கள், சொல்லட்டும். சித்தி அதில் ஏறி மயூரபதி அம்மன் கோயிலுக்கு வருகிறார்.

சனிக்கிழமை பார்க்கப் போவோம். காலையிலேயே போகலாம். எஞ்சின் குளிராக இருக்கும்போதுதான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும், நாங்கள் வருமுன் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடு. பழைய உடுப்புப் போட்டு வா, கீழே படுக்கப் போவது நீதான். விலையைப் பற்றி வாய் திறக்காதே, அதை நான் பேசுகிறேன்.

அன்புடன்,
அண்ணா