கெண்டைக் குஞ்சும் நம் பழைய வழக்கும்

அன்புள்ள சண்முகம்,

கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை உன் கடிதத்தில் படித்து நிம்மதியானேன். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். உன் சோம்பல் எனக்குத் தெரியும். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அதை எழுதிக் காகிதத்தை வீணாக்கப் போவதில்லை.

சேதி வேறு. கண்மாய் மடையோரம் தூண்டில் போட்ட அன்று, விடாமல் கடித்துக்கொண்டிருந்த கெண்டைகள் சட்டென்று நின்றுபோயின அல்லவா? நான் இருமியதால்தான் என்று ஊர் முழுக்கச் சொன்னாய். நாற்பது வருடமாக அந்தப் பழியைச் சுமக்கிறேன். குற்றவாளி நீதான்! முள் கிழித்த குஞ்சை இரக்கப்பட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டாயே, வினை அங்கேதான் என்பது என் வாதம்.

தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்த கார்ல் ஃபான் ஃப்ரிஷ் மீன்களையும் விட்டுவைக்கவில்லை. காயம்பட்ட மீன் கூட்டத்துக்குத் திரும்பியதும் மற்றவை மிரள்வதைக் கவனித்து 1938-இல் எழுதினார். அவர் பார்த்தது ஐரோப்பிய மின்னோ மீன். நம் கெண்டையும் கெளுத்தியும் அதே பெரிய வம்சம்தான். தோலில் தனிச் செல்களுக்குள் ஒரு பொருள் அடைபட்டிருக்கிறது. வெளியே வர அதற்கு வாசலே கிடையாது. தோல் கிழிந்தால்தான் நீரில் கலக்கும். ஆகவே எந்த மீனும் பொய்யாக அலற முடியாது. மூக்கில் அது பட்டதும் மற்ற மீன்கள் நெருங்கிக் கூடும், அடியில் பதுங்கும், இரையைத் தொடாது.

கெளுத்தி மீசையால் மோப்பம் பிடிக்கும் என்பார் உன் தாத்தா. பாதி சரி, அது மோப்பமல்ல, ருசி. மீசை தொடங்கி வால்வரை உடம்பெல்லாம் சுவை மொட்டுகள். அமெரிக்கக் கெளுத்தி ஒன்றில் 1,00,000-க்கும் மேல். நாக்கையே சட்டையாகப் போட்டுக்கொண்டு சேற்றில் புரள்கிற பிராணி! அந்த ஊர் மஞ்சள் கெளுத்திக்கு மூக்கு கெட்டாலும் இரை தேடுவதில் குறை வராது. ஆனால் பக்கத்தில் வரும் மீன் தெரிந்ததா, அந்நியனா என்பது மட்டும் பிடிபடாமல் போய்விடும். நம் தெருவிலும் அப்படிச் சிலர் உண்டு, பெயர் வேண்டாம்.

பொங்கலுக்கு வருகிறேன். கண்மாயில் தண்ணீர் கிடக்கிறதா என்று எழுது. தூண்டிலும் தக்கையும் உன் பொறுப்பு. குஞ்சு மாட்டினால் நீ கை வைக்காதே; முழங்கால் வலித்தாலும் கலுங்குவரை நானே நடந்துபோய் விட்டுவருகிறேன்.

அன்புடன்,
முத்து