திருடனின் முகத்தை முன்கூட்டியே அச்சடிக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போலீஸ்–திருடன் கதையை வைத்து விற்கப்படும், லெகோ போன்ற பிளாஸ்டிக் கட்டைகளைப் பொருத்தி விளையாடும் பொம்மைப் பெட்டிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் குழந்தைகள் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இத்தகைய பெட்டிகள் பிள்ளைகளுக்குத் திருட்டைக் கற்றுக்கொடுக்கின்றன, ஆகவே பெற்றோர் அவற்றை வீட்டுக்குள் விடவே கூடாது என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். அந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. அதற்காக அந்தப் பெட்டிகளில் குறையே இல்லை என்று வாதாடவும் நான் வரவில்லை. குறை இருக்கிறது; ஆனால் கட்டுரையாளர் விரல் வைத்த இடத்தில் அது இல்லை என்பதே என் எண்ணம்.

முதலில் ஒரு தகவல் பிழையைத் திருத்திவிடுகிறேன். 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸாரின் பிடியில் உயிரிழந்ததையடுத்துப் போராட்டங்கள் எழுந்தபோது, லெகோ நிறுவனம் தன் போலீஸ் பெட்டிகளை விற்பனையிலிருந்தே அகற்றிவிட்டது என்று கட்டுரை கூறுகிறது. அப்போது அப்படியொரு செய்தி வேகமாகப் பரவியது உண்மைதான். ஆனால் அந்நிறுவனம் செய்தது, போலீஸ் தொடர்பானவை உள்ளிட்ட சில பெட்டிகளை விளம்பரப்படுத்துவதைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும்படி தன் விளம்பரக் கூட்டாளிகளைக் கேட்டுக்கொண்டது மட்டுமே. பெட்டிகள் விற்பனையில் தொடர்ந்து இருந்தன. நிறுவனமே அதைத் தெளிவுபடுத்தியது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போலீஸ்–திருடன் ஆட்டம் பொம்மைக் கம்பெனிகள் கண்டுபிடித்ததல்ல. ஓடத் தெரிந்த பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்தால் ஒருவர் துரத்துவதும் மற்றவர் தப்பி ஓடுவதும் எந்தக் காலத்திலும் நடந்துவருவதுதான். அந்த ஆட்டத்தை ஆடியவர்கள் எல்லோரும் திருடர்களாகிவிடவில்லை. திருடனாக ஆடியவர்கள்கூட ஆகிவிடவில்லை. அதில் ஒரு நுட்பமான நியாயம் இருந்தது. யார் திருடன் என்பது அந்தந்தச் சுற்றில்தான் தீர்மானமாகும். பிடிபட்டதும் முறை மாறும். சற்று முன்பு விரட்டியவனே இப்போது மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருப்பான். திருடன் என்பது அங்கே ஒரு வேலையே தவிர, ஒருவனுடைய பிறவிக்குணமன்று. பெட்டிக்குள் வந்த ஆட்டத்தில் இந்த முறைமாற்றம் காணாமல் போய்விட்டது என்பதுதான் என் முறையீடு.

அது எப்படிப் போயிற்று என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் 1932ஆம் ஆண்டில் மரப்பொம்மைத் தொழிலாகத் தொடங்கிய லெகோ நிறுவனம், இன்று நாம் அறிந்த, ஒன்றையொன்று இறுகக் கவ்வும் கட்டைக்கு 1958ஆம் ஆண்டு ஜனவரியில் காப்புரிமை கோரியது. கை, கால் அசையும் குட்டி மனித உருவம் அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1978இல்தான் வந்தது. நான்கு சென்டிமீட்டர் உயரமே உள்ள அந்த உருவங்களின் முதல் வரிசையிலேயே ஒரு போலீஸ்காரர் இருந்தார். ஆனால் அன்றைய உருவங்கள் அனைத்துக்கும் ஒரே முகம்: மஞ்சள் நிறத் தலையில் இரண்டு கரும்புள்ளிகள், கீழே ஒரு புன்னகைக் கோடு. போலீஸ்காரர், செவிலியர், தீயணைப்பு வீரர் எல்லோரும் அதே முகத்தோடுதான் நின்றார்கள். தொப்பியையும் சட்டையையும் வைத்துத்தான் அவர்களைப் பிரித்தறிய முடிந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டால் அவர் யாராகவும் ஆகலாம். திருடன் வேண்டுமென்றால் விளையாடும் பிள்ளைதான் ஒருவரைத் திருடனாக நியமிக்க வேண்டும்.

1989இல் கடற்கொள்ளையர் வரிசை வந்தபோது இந்த ஒரே முகம் உடைந்தது. ஒற்றைக்கண் மறைப்பு, மீசை, தாடி என்று முகங்கள் பெருகின. அதில் அழகும் இருந்தது, மறுக்கவில்லை. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010 வரை வெளிவந்த 3,655 உருவங்களை எடுத்துக்கொண்டு, அவற்றிலிருந்த 628 வகை முகங்களைப் பார்வையாளர்களிடம் காட்டி மதிப்பிடச் செய்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். மகிழ்ச்சியும் கோபமுமே மிகுதியாகக் காணப்பட்ட உணர்ச்சிகள் என்றும், காலப்போக்கில் மகிழ்ச்சி முகங்களின் விகிதம் குறைந்துவருகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். இதைக் கேட்டுப் பலர் பதறினார்கள். எனக்குக் கோபமுகம் அவ்வளவு கவலை தரவில்லை. கோபமும் விளையாட்டில் இருக்க வேண்டிய உணர்ச்சிதான். என்னை உறுத்துவது திருடனுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட முகம். மழிக்காத தாடி, ஓரமாக இழுத்த கோணல் சிரிப்பு, பின்னல் குல்லாய், கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை. கைதிகளுக்கான அந்தக் கோட்டுச் சட்டையை நியூயார்க் மாநிலச் சிறைகள் 1904ஆம் ஆண்டிலேயே கைவிட்டுவிட்டன. பொம்மைத் திருடனுக்குத்தான் இன்னும் விடுதலை கிடைக்கவில்லை. இவன் திருடுவதற்கு முன்பே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே, அட்டைப்படத்தைப் பார்க்கும்போதே ஐந்து வயதுப் பிள்ளைக்கு இவன் யாரென்று தெரிந்துவிடுகிறது. முகத்தைப் பார்த்தாலே திருடனைத் தெரியும் என்ற பாடத்தைத்தான் அது கற்கிறது. திருடும் வித்தையைவிட இது ஆபத்தான பாடம்.

நான் ஒரு குற்றவியல் நீதிமன்றத்தின் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். முகத்தை வைத்துக் குற்றத்தைச் சொல்ல முடியாது என்பதை அங்கே தினமும் பார்த்திருக்கிறேன். நாங்கள் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்று எழுதுவோம். தீர்ப்புக்குப் பிறகே ‘குற்றவாளி’ என்ற சொல் கோப்பில் ஏறும். (இந்த வேறுபாட்டை நாளிதழ்களும் பல வேளைகளில் மறந்துவிடுகின்றன, தங்கள் நாளிதழும் விலக்கல்ல என்பதை வருத்தத்துடன் குறிப்பிடுகிறேன்.) அந்தப் பழக்கத்தோடு என் பேத்தியின் பெட்டிகளைப் பார்த்தபோது எனக்கு உடனே கண்ணில் பட்டது, அவற்றில் எது இல்லை என்பதுதான். துரத்துவதற்குக் கார் இருக்கிறது, ஹெலிகாப்டர் இருக்கிறது, மோப்ப நாய் இருக்கிறது, கைவிலங்கு இருக்கிறது, கம்பிக் கதவுள்ள அறை இருக்கிறது. நீதிபதி இல்லை. வழக்கறிஞர் இல்லை. பணத்தைப் பறிகொடுத்தவர்கூடப் பல பெட்டிகளில் இல்லை. பை நிறைய யாருடையதென்றே தெரியாத நோட்டுகள் மட்டும் இருக்கின்றன. பிடித்தவுடன் நேராகச் சிறை. விசாரணை என்ற ஒன்று நடுவில் இருப்பதாகவே பிள்ளைக்குத் தெரிய வழியில்லை.

களம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2012இல் காட்டுப் போலீஸ், 2015இல் சதுப்புநிலப் போலீஸ், 2016இல் தீவுச் சிறை, 2018இல் மலைப் போலீஸ், 2019இல் வானப் போலீஸ். திருடன் காட்டுக்குள் ஓடினான், சேற்றில் படகு விட்டான், தீவிலிருந்து தப்பினான், மலையேறினான், வானத்தில் பறந்தான். ஏன் திருடினான் என்று மட்டும் ஒருவரும் அவனைக் கேட்கவில்லை.

ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். இந்தப் பெட்டிகளை வடிவமைப்பவர்கள் திருடன்மீது உள்ளூர ஓர் அன்பு வைத்திருக்கிறார்கள். பல பெட்டிகளில் சிறைச்சுவரின் ஒரு பகுதி தட்டினால் தெறித்து விழும்படியே அமைக்கப்பட்டிருக்கும். தப்பிக்க முடியாத சிறை பொம்மைக்கு உதவாது என்பது அவர்களுக்குத் தெரியும். கதவு சாத்தியதும் ஆட்டம் முடிந்துவிடுமே! போலீஸ்காரர் கையில் துப்பாக்கியைக் கொடுக்காமல் தவிர்த்திருப்பதையும் பாராட்டத்தான் வேண்டும். பெரியவர்களையும் மனத்தில் வைத்து 2021இல் வெளிவந்த, 2,923 துண்டுகள் கொண்ட காவல் நிலையத்தில் போலீஸார் தேடுவது டோனட் திருடனை. அந்தக் காவல் நிலையத்தின் ஒரு பக்கத்தில் டோனட் கடையும் மறுபக்கத்தில் செய்தித்தாள் கடையும் இருப்பதைத் தாங்கள் ரசிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அதைவிட எனக்குப் பிடித்தது 2016இல் வந்த வங்கிக் கட்டடம், 2,380 துண்டுகள். வங்கியை ஒட்டியே ஒரு சலவைக்கூடத்தை அமைத்து, கறுப்புப் பணத்தை ‘வெளுக்கும்’ வேடிக்கையை அதற்குள் ஒளித்துவைத்திருக்கிறார் வடிவமைப்பாளர். கோட்டுச் சட்டையும் குல்லாயும் இல்லாத குற்றம் என்று ஒன்று உலகில் உண்டு என்பதை இந்தப் பொம்மை வரிசை எனக்குத் தெரிந்து ஒப்புக்கொண்ட இடம் இது. சிறுவர்களுக்கான பெட்டியில் இந்தத் துணிச்சலை நான் பார்த்ததில்லை.

இவ்வளவும் பெட்டியின் கதை. கட்டையின் இயல்போ இதற்கு நேர்மாறானது. எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் அவற்றை 91,51,03,765 விதங்களில் பொருத்தலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மனித உருவத்துக்கும் இதே சுதந்திரம் உண்டு. தலை கழலும், உடல் கழலும், கால் கழலும், தொப்பி கழலும். எதை எதோடும் மாட்டலாம். கைகளின் வளைவு எல்லா உருவத்துக்கும் ஒன்றே என்பதால் கைவிலங்கைப் பிடிக்கும் கை கோப்பையையும் பிடிக்கும், திருடனின் கை போலீஸ்காரரின் ஒலிபெருக்கியையும் பிடிக்கும். சில தலைகளில் முன்னும் பின்னுமாக இரண்டு முகங்கள் அச்சாகியிருக்கும்; திருப்பி வைத்தால் இளித்தவன் அஞ்சி நிற்பான். ஆக, அச்சடித்த முகம் விதிக்கும் தீர்ப்பை மாற்றும் வழி அந்தப் பொம்மைக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தடுப்பது செய்முறைக் கையேடும் அட்டைப்படமும், அவற்றைவிட அதிகமாகப் பெரியவர்களும்தான். பெட்டிக்கு ஒரு டப்பா என்று பிரித்துவைத்து, ஒரு துண்டும் கலந்துவிடாமல், படத்தில் உள்ளபடியே அலமாரியில் நிறுத்திவைக்கும் வீடுகளை நான் அறிவேன். என் வீடும் சில மாதங்கள் அப்படித்தான் இருந்தது. துண்டு தொலைந்துவிடுமே என்ற பயத்தில் பேத்தியை நானே அதட்டியிருக்கிறேன். விலை கொடுத்து வாங்கியவனுக்கு வரும் புத்தி அது.

பிறகு ஒரு மழைநாளில் எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டிவிட்டாள். அன்றுதான் போலீஸ்காரர் தலையில் குல்லாய் ஏறியது, கோட்டுச் சட்டைக்காரர் தீயணைப்பு வண்டியை ஓட்டினார், சிறை அறை நாய்க்குட்டிகளின் வீடாயிற்று. ‘இவர்தானே திருடன்?’ என்று நான் ஒருவரைச் சுட்டிக் கேட்டபோது, ‘இன்னும் தெரியல தாத்தா, கண்டுபிடிக்கணும்’ என்றாள். முப்பதாண்டுக் காலம் கோப்பு பார்த்தவனுக்கு அந்தப் பதில் மிகவும் சரியாகப் பட்டது.

எனவே கட்டுரையாளரின் தடை யோசனைக்கு மாற்றாக இரண்டு சொல்ல விரும்புகிறேன். பெற்றோருக்கு: பெட்டியில் உள்ளபடி ஒருமுறை கட்டட்டும். கையேட்டைப் பின்பற்றிப் பொறுமையாக ஒன்றைக் கட்டி முடிப்பதிலும் ஒரு பயிற்சி இருக்கிறது. அதன் பிறகு எல்லாப் பெட்டிகளையும் கலந்துவிட அனுமதியுங்கள். தலைகளை மாற்றிப் பொருத்தினால் கண்டிக்காதீர்கள். அக்கம்பக்கத்தில் பழைய கட்டைகள் கிடைத்தால் அவற்றையும் அதே கூடையில் சேர்த்துவிடுங்கள்.

தயாரிப்பாளர்களுக்கு, லெகோவுக்கு மட்டுமன்றி, அதே அளவில் ஒத்த கட்டைகளை விற்கும் மற்றவர்களுக்கும்: போலீஸ் பெட்டிகளில் பொதுமுகம் கொண்ட நான்கைந்து தலைகளைக் கூடுதலாகப் போடுங்கள். கோட்டுச் சட்டைக்கு மேல் மாட்ட ஒரு சாதாரண மேலங்கியும் இருக்கட்டும். ஒரு மேசை, ஓர் உயர்ந்த நாற்காலி, கறுப்பு அங்கி அணிந்த ஓர் உருவம், எதிரே இருவர் நிற்க இடம் இருந்தால் ஒரு சிறிய நீதிமன்றம் ஆகிவிடும்; ஹெலிகாப்டரின் சுழலிக்கு ஆகும் பிளாஸ்டிக்கைவிட அதற்கு அதிகம் செலவாகாது. பிள்ளைகளுக்கு வழக்காடுவது சலிப்பூட்டும் என்று விற்பனைப் பிரிவினர் சொல்லக்கூடும். ‘நான் எடுக்கலை, அவன்தான் எடுத்தான்’ என்று இரண்டு பிள்ளைகள் வாதாடுவதை அவர்கள் கேட்டதில்லை போலும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்றப் பணியாளர் ஒருவர்