மல்யுத்த ரசிகர் மன்றம்: 2025ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களே, நாளைக்கு வாட்ஸ்அப்பில் படித்துவிட்டுத் திட்டப்போகும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025ஆம் ஆண்டில் நம் மன்றம் ஆற்றிய பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் 38 உறுப்பினர்கள் இருந்தோம். இரண்டு பேர் வேலை மாறித் திருப்பூர் போய்விட்டார்கள், ஐந்து பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். இப்போது 41. மாதத்தின் கடைசி ஞாயிறு நடக்கும் கூட்டங்களில் 11 நடந்தன. மே மாதம் மாடி அறைச் சாவியைக் கொண்டுபோனவர் கொடைக்கானலில் இருந்ததால் கூட்டம் நடக்கவில்லை.

குடியரசு நாளில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். ஏப்ரலில் நீர்மோர்ப் பந்தல் வைத்தோம். ரத்த தான முகாமில் ஒன்பது பேர் கலந்துகொண்டார்கள். தீபாவளிக்கு ஒன்றும் செய்யவில்லை.

WWE கம்பெனி வருடந்தோறும் நடத்தும் பெரிய மல்யுத்த நிகழ்ச்சியான ரெஸில்மேனியா 41இன் இரண்டாம் நாளை ஏப்ரல் 21, திங்கள் விடியற்காலை என் வீட்டு ஹாலில் 14 பேர் சேர்ந்து பார்த்தோம். ஜான் சீனா கோடி ரோட்ஸை வீழ்த்தி 17ஆவது முறையாக உலக சாம்பியன் ஆனார். ரிக் ஃபிளேரின் 16 என்ற கணக்கு அன்றோடு போயிற்று. 14 டீயும் அரைத்தூக்கத்தில் போட்ட என் மனைவிக்கு மன்றத்தின் சார்பில் நன்றி. அடுத்த முறை வேறு யார் வீட்டிலாவது வைத்துக்கொள்ளும்படி அவர் கேட்டுக்கொண்டார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஜூலை 24 அன்று ஹல்க் ஹோகன் காலமானார். 27ஆம் தேதிக் கூட்டத்தில் ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். 1987இல் ஆந்த்ரே த ஜயண்டைத் தூக்கிப்போட்ட அந்த ஒரு காட்சிக்காகவே நிற்கலாம் என்றார் தலைவர். கறுப்பின மக்களைப் பற்றி ஹோகன் பேசிய பேச்சு 2015இல் வெளியே வந்ததைச் சொல்லி ஓர் உறுப்பினர் உட்கார்ந்தே இருந்தார். அவர் உட்கார்ந்திருந்ததையும் நாங்கள் நின்றதையும் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன்.

இனி, ஆண்டின் முக்கியப் பணிக்கு வருகிறேன்.

எலெக்ட்ரிக் கடைக்காரர் நமக்கு மாடி அறையைக் குறைந்த வாடகைக்குக் கொடுத்திருக்கிறார். வாடகை வாங்க வரும்போதெல்லாம் "பொய்ச் சண்டைக்கு ஒரு மன்றமா?" என்று கேட்பார். அவருக்குப் பதில் சொல்லத்தான் 'பெரியவர் பட்டியல்' என்ற திட்டத்தை ஜனவரியில் கொண்டுவந்தேன். மாதம் ஒரு மல்லரைப் பற்றிப் பேசுவது, டிசம்பர் கடைசியில் வாக்களித்து யார் எல்லோரிலும் பெரியவர் என்று முடிவு செய்வது. முன்மொழிந்தவன் நான், வழிமொழிந்தவர் தலைவர். மற்றவர்கள் போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதை ஒருமனதாக என்று எழுதினேன்.

எதை வைத்து அளப்பது என்பதில்தான் முதல் சண்டை. ஜெயித்த சாம்பியன் பெல்ட்டை எண்ணலாம் என்றார்கள். யார் ஜெயிக்க வேண்டும் என்பதைக் கம்பெனிதான் முடிவு செய்கிறது. அப்படியிருக்க பெல்ட்டை எண்ணுவது, ஆபீசில் வாங்கிய பதவி உயர்வை எண்ணுவது மாதிரிதான். பெல்ட் கையில் இருந்த நாட்களை எண்ணலாம் என்றால் புரூனோ சாமார்டினோ 1963இலிருந்து 1971 வரை 2,803 நாள் ஒரே மூச்சில் வைத்திருந்தார். ரோமன் ரெய்ன்ஸின் 1,316 நாள் அதில் பாதிகூட இல்லை. பிப்ரவரியில் ஒருவர் பள்ளிக்கூடக் காலத்து ரெஸ்லிங் கார்டுக் கட்டை ரப்பர் பேண்ட் போட்டபடி கொண்டுவந்தார். ரப்பர் பேண்ட் உருகி மேல் கார்டின் முகத்தில் ஒட்டியிருந்தது. அந்த முகம் யாருடையது என்பதிலேயே அரை மணி நேரம் போயிற்று. இன்னொருவரும் ஒரு கட்டு வைத்திருந்தார். இரண்டிலும் ரேங்க் 1 வேறு வேறு ஆள். 25 வருடமாக வேறு வேறு கட்டை நம்பி வளர்ந்தவர்கள் ஒரே மன்றத்தில் இருந்தால் இப்படித்தான்.

மூத்த உறுப்பினர் ஐயா அவர்கள் எல்லாக் கூட்டத்துக்கும் வந்து, எல்லாக் கூட்டத்திலும் தாராசிங் என்றே சொன்னார்கள். "கொஞ்சம் பலமா ஒருத்தன் இருந்தா எங்க காலத்துல பெரிய தாராசிங்குன்னுதான் சொல்லுவோம். உங்க ஆளு பேரைச் சொல்லி யாரையாவது கூப்பிட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்கள். 1959இல் கல்கத்தாவில் ஜார்ஜ் கோர்டியங்கோவை வென்று காமன்வெல்த் சாம்பியன் ஆனது, 1968இல் பம்பாயில் லூ தெஸ்ஸை வென்றது எல்லாம் ஐயாவுக்கு மனப்பாடம். தூர்தர்ஷன் அனுமாராகத்தான் தாராசிங்கைத் தெரியும் என்று சொன்ன இளம் உறுப்பினரிடம் அவர்கள் இரண்டு மாதம் பேசவில்லை.

ஜப்பான் மல்லர்களைப் பற்றிய கூட்டத்துக்கு நான்கு பேர் வந்தோம். மிட்சுஹாரு மிசாவாவைப் பற்றி நான் ஆறு பக்கம் தயாரித்திருந்தேன். 2009இல் ஹிரோஷிமாவில் வளையத்துக்குள்ளேயே, எத்தனையோ ஆயிரம் தடவை வாங்கிப் பழகிய ஓர் அடியை வாங்கி விழுந்து இறந்தவர். எழுதியதைப் படித்து முடித்ததும் யாரும் பேசவில்லை. பொய்ச் சண்டை என்ற சொல்லை அன்றைக்குக் கடைக்காரர் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் அவர் சபரிமலை போயிருந்தார். கிறிஸ் பென்வா பெயரை வாக்குச்சீட்டில் சேர்க்கலாமா என்று செப்டம்பரில் பேசினோம். 2007இல் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்றுவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்டவர். சேர்க்கவில்லை. இதில் மட்டும் வாக்கெடுப்பு தேவைப்படவில்லை.

அண்டர்டேக்கர் கட்சி நம் மன்றத்தில் பெரிய கட்சி, 18 பேர். ஏழு தடவை செத்துப் பிழைத்தவர் என்று சின்ன வயதில் நம்பியவர்கள் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. அவர்கள் வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. ரெஸில்மேனியாவில் வரிசையாக 21 வெற்றி, 2014இல் பிராக் லெஸ்னர் அதை முடித்தபோது அரங்கமே வாயைப் பிளந்தது. 1998இல் மேன்கைண்ட் என்ற மல்லரை 16 அடிக் கூண்டின் மேலிருந்து கீழே எறிந்தது. சரி. ஆனால் அந்தக் கூண்டுச் சண்டையில் பெரியவர் யார், எறிந்தவரா, விழுந்தவரா? இந்தக் கேள்வியை அக்டோபரில் கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

என் கட்சி பிரெட் ஹார்ட் என்பது எல்லோருக்கும் தெரியும், நானும் மறைத்ததில்லை. என் அளவுகோல் ஒன்றே ஒன்று. எதிராளி தன் தலையையும் கழுத்தையும் நம் கையில் கொடுக்கிறான், அதை நாம் எப்படித் திருப்பிக் கொடுக்கிறோம் என்பது. எதிராளியைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் இறக்கும் பைல்டிரைவர் போடும்போது அவன் தலைக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருக்க வேண்டும். 1997இல் பிரெட்டின் சொந்தத் தம்பி ஓவன், முட்டி போட்டு இறங்காமல் உட்கார்ந்தபடி இறங்கியதில் ஸ்டீவ் ஆஸ்டினின் கழுத்து போயிற்று. கைகால் மரத்துக் கிடந்தவர் எப்படியோ ஊர்ந்து வந்து ஓவனைச் சுருட்டி மூன்று எண்ண வைத்தார். தம்பி செய்ததையும் சொல்கிறேன், நான் ஒருதலையாகப் பேசுபவன் அல்ல. ஆனால் அண்ணன், தன் கையில் யாருக்கும் பெரிய காயம் பட்டதில்லை என்பதைத்தான் எந்த பெல்ட்டையும்விடப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். அப்படிப்பட்டவரைத்தான் 1999 டிசம்பரில் கோல்ட்பர்க் தலையில் உதைத்தார், அதோடு பிரெட்டின் தொழில் முடிந்தது.

1992இல் லண்டன் வெம்ப்ளி மைதானம். எதிரே மைத்துனர் டேவி பாய் ஸ்மித். மணி அடித்துச் சண்டை தொடங்கியதும் டேவிக்குப் பேசிவைத்ததெல்லாம் மறந்துபோயிற்று என்று பிரெட் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அடுத்து இது, அதற்கடுத்து இது என்று காதோடு சொல்லிச் சொல்லி, அடியும் வாங்கி, கடைசியில் தானே தோற்று, மைத்துனரை அவர் சொந்த நாட்டில் ஜெயிக்க வைத்துவிட்டு வந்தார். பார்த்தவர்களுக்கு டேவிதான் தெரிந்தார். வேலை தெரியாதவர்களை வைத்துக்கொண்டு ஒரு கூட்டத்தை ஒழுங்காக முடிக்கும் சிரமம் எனக்குக் கொஞ்சம் புரியும்.

டிசம்பர் 14, ஞாயிறு காலை. சீனாவின் கடைசிச் சண்டை. லேத் பட்டறை வைத்திருக்கும் நம் உறுப்பினர், சீனா மாதிரி முகத்துக்கு முன் விரல்களை ஆட்டியபடியே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். குந்தரின் பிடியில் சீனா தட்டிச் சரணடைந்தார். விடாதே, விட்டுக்கொடுக்காதே என்று இருபது வருடம் சட்டையில் போட்டு விற்ற மனிதர். உறுப்பினரின் கை முகத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. கீழே இறக்க மறந்து, அப்படியே எழுந்து போய்க் கைகழுவிவிட்டு வந்தார்.

இப்போது டிசம்பர் 28 விவகாரம். பலவாறு பேசப்படுவதால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். வாக்களிப்பு மாலை ஆறு முதல் ஏழு வரை என்று பலகையில் எழுதி, குழுவிலும் மூன்று முறை போட்டேன். சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே வாக்கு. வந்தவர்கள் 13, தகுதி பெற்றவர்கள் 9. முதல் பெயருக்கு மூன்று புள்ளி, அடுத்ததற்கு இரண்டு, கடைசிக்கு ஒன்று. ஐயா முதலில் தாராசிங் என்று எழுதிவிட்டு மற்ற இரண்டு இடங்களையும் கோடு போட்டு அடித்துவிட்டார்கள். சுவர்க்கடிகாரம் ஏழைக் காட்டியதும் மணி அடித்தேன். எண்ணிக்கை: பிரெட் ஹார்ட் 15, அண்டர்டேக்கர் 14, ஆஸ்டின் 8, ஃபிளேர் 5, சீனா 4, தாராசிங் 3, ஷான் மைக்கேல்ஸ் 2.

மணி அடித்தபோது அண்டர்டேக்கர் கட்சியைச் சேர்ந்த ஒருவர் கீழே வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தாராம். ஹெல்மெட்டோடு மேலே வந்தார். இரண்டு வருடச் சந்தா பாக்கி 600 ரூபாயை அன்றே கட்டிவிட்டு வாக்களிக்கலாம் என்று சட்டைப் பையில் மடித்து வைத்திருந்ததாகச் சொன்னார். மடித்த நோட்டை நானும் பார்த்தேன். "செயலாளர் மாண்ட்ரியால் பண்ணிட்டாருங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார். படியில் இறங்கும்போது, அன்றைக்கு மாண்ட்ரியாலில் பிரெட் செய்தது போலவே, காற்றில் விரலால் ஏதோ எழுதிக் காட்டினார். இவர் எழுதியது தமிழில்.

இந்த வார்த்தை என்னை எவ்வளவு வருத்தியது என்பதை பிரெட் ரசிகர்கள் அறிவார்கள். 1997 நவம்பர் 9 அன்று மாண்ட்ரியாலில் பிரெட் சரணடையவே இல்லை. அவருடைய ஷார்ப்ஷூட்டர் பிடியையே மைக்கேல்ஸ் அவருக்குப் போட்டதும், ஓரத்தில் நின்ற முதலாளி வின்ஸ் மக்மேன் மணியை அடிக்கச் சொல்லி பெல்ட்டைப் பறித்தார். நேரம் அறிவித்து, நேரத்துக்கு அடிப்பது வேறு. அறையின் கடிகாரம் நான்கு நிமிடம் வேகமாக ஓடுகிறது என்பது மறுநாள்தான் தெரியவந்தது. கடிகாரத்தைக் கவனிப்பது துணைச் செயலாளரின் பொறுப்பு. அன்றைக்கு அவர் வரவும் இல்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் சந்தாவும் சில நன்கொடைகளும் வந்தன, வாடகை, டீ, இதர வகைகளில் செலவாயின, கையிருப்பு சுமாராக இருக்கிறது. இதர வகையில் வரும் 340 ரூபாய் மேற்படி மணிக்கானது. பித்தளை. இனி வருடா வருடம் பயன்படும். சந்தா ஆண்டுக்கு 300 ரூபாய்தான். 41 பேரில் கட்டியவர்கள் 19. அண்டர்டேக்கர் கட்சியின் 18 பேரில் கட்டியவர்கள் 4. மீதி 14 பேரில் ஒருவர், ஒரே ஒருவர், நவம்பரிலேயே கட்டியிருந்தால் இந்த அறிக்கை இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும். மேலே சொன்ன 600 ரூபாய் அப்படியே திரும்பிப் போனதால் மன்றத்துக்கு அந்த வகையிலும் இழப்பு.

தலைவர், பொருளாளர், கடைக்காரர், போண்டா வாங்கிவந்த தம்பி ஆகியோருக்கு நன்றி.

வரும் ஆண்டில் இந்தப் பொறுப்பில் தொடர எனக்கு விருப்பமில்லை. வேறு யாராவது முன்வந்தால் புத்தகம், சாவி, மணி மூன்றையும் இன்றே ஒப்படைக்கிறேன். போன ஆண்டும் இதையே சொன்னேன், எல்லோரும் கைதட்டினீர்கள். மறுவாக்கெடுப்பு வேண்டும் என்று 16 பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்திருக்கிறார்கள். தோற்ற சாம்பியன் மறு சண்டை கேட்பது இந்தத் தொழிலின் மரபு, எனக்கு ஆட்சேபணை இல்லை. மனுவில் கையெழுத்திட்டவர்களில் 13 பேர் பாக்கிதாரர்கள். ஜனவரி 31க்குள் பாக்கி வந்துவிட்டால் பிப்ரவரி கடைசி ஞாயிறு மறுவாக்கெடுப்பு. கடிகாரத்துக்குப் புது செல் போட்டாயிற்று.

ஜிபேயில் அனுப்புபவர்கள் சொந்தப் பெயரைப் போடவும். அக்டோபரில் 'டெட்மேன்' என்ற அண்டர்டேக்கரின் பட்டப்பெயரில் 150 ரூபாய் வந்திருக்கிறது. அது யாருடையது, மீதி 150 எப்போது வரும் என்று தெரிந்தவர்கள் பொருளாளரிடம் சொல்லவும்.

இப்படிக்கு,
செயலாளர்