ஜப்பான் பள்ளிகள்: ஆசிரியராகப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஜப்பானில் பிள்ளைகளே வகுப்பறையைக் கூட்டித் துடைக்கிறார்களாமே, நிஜமா என்று கேட்டிருந்தாய். நிஜம்தான். ஆனால் அது அவர்களுக்குப் பிறவியிலேயே வந்த ஒழுக்கம் என்று மட்டும் நாளை உன் மாணவர்களிடம் சொல்லிவிடாதே.

நான் பார்த்த தொடக்கப் பள்ளிகளில் கணக்குப் பாடத்தைப் போலவே துப்புரவுக்கும் கால அட்டவணையில் நேரம் இருந்தது. மேசைகளைப் பின்னால் தள்ளிவிட்டு, ஈரத்துணியை இரண்டு கையாலும் தரையில் அழுத்திக்கொண்டு வரிசையாக ஓடுகிறார்கள். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, முதல் வகுப்புக் குழந்தைக்குத் துணி பிழியக் கற்றுக்கொடுத்தாள். ஆசிரியர் கையிலும் துடைப்பம். தண்டனையாக யாரையும் கூட்டச் சொல்லவில்லை, எல்லோருக்கும் முறை வருகிறது. நம் பள்ளிகளில் இந்த வேலை எந்தப் பிள்ளைகளின் தலையில் விழுகிறது என்பது உனக்கே தெரியும். அதனால்தான் அந்த முறைப்பட்டியலை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மதிய உணவுதான் என்னை இன்னும் ஈர்த்தது. அதற்கென்று 1954-லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். அன்றைய முறைக்காரப் பிள்ளைகள் வெள்ளை அங்கியும் தொப்பியும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு, பாத்திரங்களைத் தூக்கிவந்து தாங்களே பரிமாறுகிறார்கள். ஆசிரியரும் அதே வகுப்பறையில் அதே சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறார். பிள்ளைகளுக்குப் போவதற்கு முன்பே தலைமையாசிரியர் போன்ற பொறுப்பாளர் ஒருவர் சாப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பது விதி. 2005 முதல் ஊட்டச்சத்து ஆசிரியர் என்றே ஒரு பணியிடமும் இருக்கிறது. அவர் உணவுப் பட்டியலும் போடுவார், சாப்பாட்டைப் பற்றிப் பாடமும் நடத்துவார்.

சரி, இதற்கெல்லாம் யார் விலை கொடுக்கிறார்கள்? ஆசிரியர்கள்தான். சாப்பாட்டு நேரம்கூட அவர்களுக்கு ஓய்வில்லை. ஓஈசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு 2018-இல் பல நாடுகளில் எடுத்த ஆய்வில், ஜப்பானின் நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைப்பதாகத் தெரியவந்தது. மற்ற நாடுகளின் சராசரி 38 மணி நேரம்தான். மாலை விளையாட்டுக் குழுக்களும் எழுத்து வேலையும் அவர்களை விடுவதில்லை. புகழ்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

நீ வேலையில் சேர்ந்ததும் இப்படி ஏதாவது தொடங்க ஆசைப்படுவாய். முதலில் தலைமையாசிரியரிடம் பேசி, அட்டவணையில் அதற்கென நேரம் கேட்டு வாங்கு. அப்புறம் முறைப்பட்டியல் எழுதும்போது ஒரு பிள்ளைகூட விடுபடக் கூடாது, உன் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா