முடியாத தொடரைத் தொட மாட்டேன் என்ற மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம்தானே? போன வாரம் பேசும்போது, "இனிமேல் கடைசிப் பாகம் வெளிவந்த தொடரை மட்டும்தான் கையில் எடுப்பேன்" என்றாய். இப்போது படிக்கிற தொடரின் நாலாம் பாகத்தைப் பாதியிலேயே மூடி வைத்துவிட்டதாகவும், எழுத்தாளர் நம்மை ஏமாற்றிக்கொண்டே போகிறார் என்றும் சொன்னாய். குரலில் அத்தனை கோபம். போனில் ரெண்டு வார்த்தையில் பதில் சொல்ல மனசு வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீ கேட்ட இன்னொரு கேள்விக்கும் இதிலேயே பதில் எழுதுகிறேன்.

நானும் அதே தொடரைப் படித்துவிட்டு, வராத ஆறாம் பாகத்துக்குத்தான் காத்திருக்கிறேன். நாலாம் பாகம் என்னையும் படுத்தியது. முதல் மூன்று பாகங்களில் யாருக்காக ராத்திரி கண்விழித்துப் படித்தோமோ, அவர்கள் பாதிப் புத்தகம் வரை தலைகாட்டுவதே இல்லை. முன்பின் தெரியாத நாலைந்து பேர் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். வழியில் மழை பெய்கிறது, சத்திரத்தில் தங்குகிறார்கள், மறுநாள் மறுபடியும் கிளம்புகிறார்கள். நூறு பக்கம் புரட்டினால் கதையில் நாலு நாள்தான் ஆகியிருக்கிறது.

நீண்ட தொடர்களில் இந்தத் தொய்வு அநேகமாக நடுப் பாகங்களில்தான் வரும். முதல் பாகத்தில் கதை ரெண்டு மூன்று பேரின் கண் வழியாகப் போகிறது. அப்புறம் பாகத்துக்குப் பாகம் புது ஆட்கள் வருகிறார்கள், பழைய ஆட்கள் யாரும் போவதில்லை. நாலாம் பாகத்துக்கு வந்து சேரும்போது பத்துப் பேருக்கு முறை வைத்து அத்தியாயம் கொடுக்க வேண்டியிருக்கிறது. பக்கங்கள் அதேதான், பங்கு கேட்கிறவர்கள்தான் அதிகம். ஒவ்வொருவர் கதையும் ஓரடி நகர்ந்தாலே பெரிது. இதில் எழுத்தாளரின் அலட்சியம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கதை அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஏமாற்றுகிறார் என்றாயே, அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஸ்டீபன் கிங்கின் 'டார்க் டவர்' தொடரின் முதல் புத்தகம் 1982இல் வந்தது, கதை 2004இல்தான் முடிந்தது. நடுவில் தொடர் நின்றிருந்த காலத்தில் அவருக்கு வந்த கடிதங்களைப் பற்றி ஒரு முன்னுரையில் எழுதியிருக்கிறார். புற்றுநோயால் நாள் எண்ணிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, மரண தண்டனைக்குக் காத்திருந்த ஒரு கைதி, ரெண்டு பேருமே முடிவை மட்டும் சொல்லிவிடும்படி கேட்டிருக்கிறார்கள். கிங்கால் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் முடிவு அவருக்கே தெரியாது. உட்கார்ந்து எழுதினால்தான் தெரியும். அதைப் படித்த பிறகு, தாமதிக்கிற எந்த எழுத்தாளர் மேலும் எனக்குக் கோபம் நிலைப்பதில்லை. நம்மைப் போலவே அவரும் முடிவு தெரியாமல்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, முடிந்துவிட்டால் மட்டும் மனசு நிறைந்துவிடுமா? கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார். மூன்றரை வருஷத்துக்கு மேல், ஐந்து பாகம். அப்படியும் கதையைத் திடீரென்று முடித்துவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டார்கள். இவர் என்ன ஆனார், அவள் கதி என்ன என்று கேள்விகள் வந்தன. கல்கி முடிவுரை எழுதி அதில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அந்த முடிவுரை ரொம்பப் பிடிக்கும். ஐந்து பாகம் கூடவே வந்தவர்களுக்குக் கடைசிப் பக்கம் எப்போதுமே சீக்கிரம் வந்துவிட்டதாகத்தான் தோன்றும்.

ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' கதை இன்னும் கஷ்டமானது. முதல் பாகம் 1990இல் வந்தது. பதினோரு பாகம் எழுதி, பன்னிரண்டோடு முடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தவர் 2007இல் இறந்துவிட்டார். நோயோடு போராடிய நாட்களில் மிச்சக் கதைக்கான குறிப்புகளைச் சொல்லியும் எழுதியும் வைத்திருந்தார். அவருடைய மனைவி ஹாரியட் மெக்டூகல்தான் அவருக்கு எடிட்டரும்கூட. அந்த அம்மாள் பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்துத் தொடரை முடிக்கச் சொன்னார். ஒரே புத்தகமாக நினைத்தது மூன்று புத்தகமானது. பதினாலாம் பாகம் 2013இல் வந்தது. அதன் கடைசிக் காட்சி ஜோர்டன் இறப்பதற்கு முன்பே எழுதிவைத்தது.

1990இல் இருபது வயதில் படிக்கத் தொடங்கியவருக்கு அந்தக் கடைசிக் காட்சி கைக்கு வரும்போது நாற்பத்து மூன்று வயது. இடையில் எத்தனை நடந்திருக்கும்! வேலை, கல்யாணம், பிள்ளைகள், பெற்றவர்களைப் பறிகொடுத்தது. இத்தனைக்கும் நடுவில் புதுப் பாகம் வரும்போதெல்லாம் அதே ஆட்களிடம் திரும்பிப் போயிருப்பார். பதினாலையும் மொத்தமாக வாங்கி ஒரே மூச்சில் படிக்கிறவருக்கு வேறு ஒரு லாபம் உண்டு. ஒரு பெயரும் மறக்காது, கதையின் முடிச்சுகள் தெளிவாகத் தெரியும். ஆனால் முன்னவருக்குக் கிடைத்தது அவருக்குக் கிடைக்காது. உன் புது விதியால் நீ இழக்கப்போவது அதைத்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. எல்லோரும் கடைசிப் பாகம் வரட்டும் என்று காத்திருந்தால் முதல் பாகத்தை யார் வாங்குவார்கள்? முதல் ரெண்டு பாகம் விற்காவிட்டால் மூன்றாவதைப் போடப் பதிப்பாளர் தயங்குவார். முடிந்தால்தான் படிப்பேன் என்கிறவர்கள் கூடக் கூட, முடியாமலே நிற்கிற தொடர்களும் கூடத்தான் செய்யும்.

தொடர் தருகிற சுகத்தை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் பாகத்தில் குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிற பையன் ஒருவன் வருவானே, ஒரே ஒரு வரிதான், பெயர்கூட இல்லை. மூன்றாம் பாகத்தில் கோட்டைக் கதவை உள்ளேயிருந்து திறந்துவிட்டவன் அவன்தான் என்று தெரிந்தபோது, அந்த நேரத்தில் போன் பண்ணிக் கத்தினாய். தனி நாவலில் இது நடக்கும்தான், ஆனால் இந்த அளவுக்கு நடக்காது. அந்தப் பையனை நாம் மறக்க வேண்டும், மறக்க ஆயிரம் பக்கம் வேண்டும். அப்போதுதான் அவன் திரும்பி வருகிறபோது நெஞ்சு அப்படி அடித்துக்கொள்ளும்.

நெருங்கிப் பழகியவர்களுக்கு எழுத்தாளரின் சின்னப் பிசகுகள்கூடக் கண்ணில் படும், அதுவும் ஒரு சுகம். கானன் டாயில் எழுதிய ஷெர்லக் ஹோம்ஸ் துப்பறியும் கதைகளில் ஹோம்ஸின் நண்பர் டாக்டர் வாட்சனுக்குப் போரில் குண்டு பட்டது 1887இல் வந்த முதல் கதையில் தோளில். 1890இல் வந்த அடுத்த நாவலில் காயம் காலில் இருக்கிறது. கானன் டாயில் மறந்துவிட்டார், வாசகர்கள் இன்றுவரை மறக்கவில்லை. 1893இல் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கதையை முடித்தவரை, பத்து வருஷத்தில் அவனைத் திரும்ப உயிரோடு கொண்டுவர வைத்ததும் அந்த வாசகர்கள்தான்.

பிடிக்காவிட்டாலும் முட்டி மோதிப் படி என்று நான் சொல்லவில்லை. அடுத்தடுத்து ரெண்டு பாகம் சலிப்பூட்டினால், யார் செத்தால் என்ன, யார் பிழைத்தால் என்ன என்று மனசு விட்டுப்போனால், தயங்காமல் விட்டுவிடு. நானும் அப்படிச் சில தொடர்களை விட்டிருக்கிறேன், அதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் உனக்கு மனசு விட்டுப்போகவில்லை. விட்டுப்போயிருந்தால் இவ்வளவு கோபம் வருமா?

அதனால் நாலாம் பாகத்தை மறுபடி எடு. நான் செய்கிறபடி செய்து பார். பின்னட்டையின் உள்பக்கம் பென்சிலால் பெயர்களை எழுதிக்கொள், யார் யாருக்கு என்ன உறவு, கடைசியாக எந்த ஊரில் இருந்தார்கள் என்று. மூன்றாம் பாகத்தை முழுக்கத் திரும்பப் படிக்க வேண்டாம், கடைசி சில அத்தியாயங்கள் போதும். வழி நடக்கிற அத்தியாயங்களில் அந்தத் தாயும் மகனும் பேசிக்கொள்வதை மட்டும் நிதானமாகப் படி, மற்றதை வேகமாகத் தாண்டினாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

முன்கதையாக வந்திருக்கிற அந்தச் சின்னப் புத்தகத்தை முதலில் படிக்கலாமா என்று கேட்டிருந்தாயே. வேண்டாம். எழுதப்பட்ட வரிசையில் படிப்பதுதான் சரி என்பது என் தீர்மானமான எண்ணம். சி. எஸ். லூயிஸின் நார்னியா கதைகளில் 1950இல் வந்த முதல் புத்தகத்தில், பனி மூடிய காட்டுக்குள் நுழைகிற சிறுமி நட்டநடுவே ஒரு விளக்குக் கம்பம் எரிவதைப் பார்க்கிறாள். காட்டில் விளக்குக் கம்பம் எப்படி வந்தது என்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அதற்கு விடை சொல்கிற முன்கதை 1955இல் வந்தது. பின்னாளில் பதிப்பாளர்கள் கதை நடக்கிற வரிசைப்படி எண்களை மாற்றி அந்த முன்கதையை முதலில் வைத்துவிட்டார்கள். அந்த வரிசையில் படிக்கிற பிள்ளைக்கு விளக்குக் கம்பத்தைப் பார்த்து அதிசயப்பட ஒன்றும் மிச்சம் இருக்காது.

ஆகவே ஐந்தாம் பாகத்தை முடித்த பிறகு முன்கதைக்குப் போ. பின்னட்டையில் போட்டிருக்கிற கதைச் சுருக்கத்தை மட்டும் படித்துவிடாதே. ஐந்தாம் பாகத்தில் நடக்கிற ஒரு சாவை அதில் போட்டு உடைத்திருக்கிறார்கள். யாருடையது என்று நான் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அம்மா