பால்காய்ப்புக்கு வராத காரணம்

அன்புள்ள கலா,

நலம்தானே? அண்ணாச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் சௌக்கியம்.

உன் பால்காய்ப்புக்கு நான் வராததற்குக் காய்ச்சல் என்று சொன்னேன் இல்லையா, அது பொய். ஐந்து வாரமாக உள்ளே குத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் நீ போன் பண்ணும்போதெல்லாம் சீக்கிரம் சீக்கிரம் வைத்துவிட்டேன். நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்து, உனக்குப் பிடித்த அந்த அரக்குப் புடவையைப் பெட்டியில் மடித்து வைத்து, எல்லாம் தயார். ஆனால் கிளம்பவேண்டிய அன்று எங்கள் பூனை சுண்டு பரணில் ஏறி முப்பது மணி நேரம் ஆகியிருந்தது. சாப்பிட இறங்கவில்லை, ஒரு வாய் தொடவில்லை. அதை விட்டுவிட்டு ரயில் ஏற எனக்குக் கால் வரவில்லை. ஒரு பூனைக்காகவா என்று நீ கேட்டிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும், உன் வீட்டுக்காரர் கேட்டிருப்பார். இதற்கு என்ன தண்டனை என்று நீயும் ரோஸியும் நம் பழைய ஹாஸ்டல் பதினாலாம் நம்பர் ரூம் சட்டப்படி முடிவு பண்ணுங்கள், ஆனால் முழுதும் படித்துவிட்டு.

கார்த்திகை முதல் வாரம் இங்கே விடாத மழை. கீழே மீட்டர் பெட்டிக்கு அடியில் இரண்டு குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. தாய் இரை தேடப் போயிருக்கும், உடனே கை வைக்கக்கூடாது என்று காலையிலிருந்து மாலை வரை மாடிப்படியில் நின்று நின்று பார்த்தேன். வரவில்லை. தண்ணீர் இரண்டாம் படி ஏறிவிட்டது. அப்புறம் நான் ஒன்றும் யோசிக்கவில்லை, முந்தானையில் போட்டுக்கொண்டு மேலே வந்துவிட்டேன். மாவு நிறுக்கும் தராசில் செவலை 410 கிராம், மூவண்ணக்காரி 370. ஐந்து வாரக் குட்டிகளாக இருக்கும் என்றார் டாக்டரம்மா. கண் அப்போது இன்னும் நீலம்.

முதல் தப்பு அன்றைக்கு ராத்திரியே. துடைத்துக் காயவைத்து, கூடத்தில் சுண்டுவுக்கு முன்னால் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். "பாரு, உனக்குத் தம்பி தங்கச்சி" என்று வேறு சொன்னேன். அதன் முதுகு வில்லாக வளைந்தது, வால் பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி ஆனது. ஒன்பது வருஷத்தில் சுண்டுவிடமிருந்து அப்படி ஒரு சீறல் கேட்டதில்லை. என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மூன்று கோடு இழுத்துவிட்டுப் பரணில் ஏறி, கொலுப் பொம்மைப் பெட்டிகளுக்குப் பின்னால் போய்விட்டது.

இரண்டாவது தப்புதான் பெரிய தப்பு. குட்டிகளை அம்மா அறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். அம்மா போய் இரண்டு வருஷமாகிறது, அந்த அறையை யாரும் புழங்குவதில்லை, காலியாகத்தானே இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். காலியாக இல்லை, கலா. சுண்டு தினமும் மத்தியானம் அம்மாவின் சாய்வு நாற்காலியில்தான் படுக்கும். ராத்திரி அந்தக் கட்டிலுக்கு அடியில். சுண்டுவை வீட்டுக்குக் கொண்டுவந்ததே அம்மாதான், உனக்குத் தெரியும், நீதான் அப்போது தயிர்ச்சட்டியைத் தியாகம் பண்ணினாய். குட்டிகள் மூலையில் அசிங்கம் பண்ணியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா, ஒரு மூடி பினாயில் ஊற்றி அறை முழுக்கத் துடைத்தேன். நாற்காலிக் காலைக்கூட விடவில்லை.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டதும் முதலில் பினாயிலுக்குத்தான் திட்டு. பூனையின் கல்லீரலால் அந்த மருந்தை முறிக்க முடியாதாம், காலில் ஒட்டி நக்கினால் விஷம். அடுத்த திட்டு தடுப்பூசிக்கு. தெருக்குட்டிகள் உடம்பில், நாய்களுக்கு உயிர்க்கொல்லியான பார்வோ மாதிரி, பூனைகளுக்கு வரும் கிருமி இருக்கலாம், வீட்டுக்குள் வந்தால் மாதக்கணக்கில் சாகாது, அதனால் இரண்டு வாரமாவது தனியறை, உள்ளே போய் வந்தால் கை கழுவி நைட்டியை மாற்று என்றார். சுண்டுவின் ஊசி தேதி தாண்டியிருந்தது, அதையும் போட்டோம். குட்டிகளுக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பூச்சி மருந்து, ஆறு வாரத்துக்கு மேல் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. நீ உடனே பால் ஊற்று என்பாய். பசும்பால் ஊற்றினால் வயிறு போகும், ஏட்டி, எத்தனை தடவை சொல்வது.

மூன்றாவதாக அவர் சொன்னதுதான் என்னை ரயில் ஏறவிடாமல் பண்ணியது. கொழுத்த பூனை ஒன்றிரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய் அடைத்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. சுண்டு ஐந்தரைக் கிலோ.

"பெரிய பூனை புழங்கும் அறையை எதற்கம்மா பிடுங்கினீர்கள்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முந்தின நாள் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே ஒரு தடவை அது பரணிலிருந்து இறங்கி அந்தக் கதவைப் பிறாண்டிக்கொண்டு நின்றிருந்தது. குட்டிகளைக் கடிக்கத்தான் நிற்கிறது என்று நான் விரட்டினேன், கலா. அது தன் அறைக்குள் போகத்தான் நின்றது. கதவைத் திறந்திருந்தாலும் உள்ளே பினாயில் வாடைதான். பூனைக்கு வீடு என்றால் மூக்கில்தான் இருக்கிறது. கன்னத்தைக் கட்டில்காலிலும் நாற்காலியிலும் தேய்த்துத் தேய்த்துத் தன் வாசனையை வைத்துக்கொள்ளும். ஒன்பது வருஷம் அது தேய்த்து வைத்திருந்ததை, அதோடு அம்மா வாசனை ஏதாவது மிச்சம் இருந்திருந்தால் அதையும், நான் ஒரே துடைப்பில் கொண்டுபோய்விட்டேன். இதை எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

அன்றே குட்டிகளைச் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறைக்கு மாற்றினேன். அம்மா அறையை வெறும் தண்ணீரில் நாலு தடவை துடைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, பீரோவில் பிரிக்காமல் வைத்திருந்த அம்மாவின் நூல்புடவை ஒன்றை எடுத்து நாற்காலியில் விரித்தேன். வேகவைத்த சாளை மீனை (இங்கே மத்தி என்று கேட்டால்தான் கிடைக்கும்) பரணுக்குக் கீழே வைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். காலை நாலரைக்குக் கிண்ணம் காலி. சுண்டு நாற்காலியில். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன், இவர் எழுந்து வந்து யாருக்கு என்ன ஆச்சு என்று பயந்துவிட்டார். அன்றைக்குத்தான் அங்கே உன் பால்காய்ப்பு.

அப்புறம் எல்லாம் நிதானமாக. தனியறைக் கெடு முடிந்ததும் பழைய துண்டு ஒன்றைக் குட்டிகளின் கன்னத்தில் தேய்த்துச் சுண்டுவின் கிண்ணத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டேன். முதல் நாள் துண்டைப் பார்த்தே சீறியது. மூன்றாம் நாள் முகர்ந்தது. ஐந்தாம் நாள் மிதித்துக்கொண்டு போனது. சாமான் அறைக் கதவுக்கு இந்தப்பக்கம் சுண்டுவுக்கு, அந்தப்பக்கம் குட்டிகளுக்கு, ஒரே நேரத்தில் சாப்பாடு. ஆறடி தள்ளி வைத்த தட்டை ஒரு நாளைக்கு ஒரு சாண் என்று நகர்த்தினேன். முறைத்துக்கொண்டு சாப்பாட்டை விட்டால் மறுநாள் பழைய இடத்துக்கே. அதற்கப்புறம் பால்கனிக் கொசுவலைக் கதவைக் கழற்றி அங்கே மாட்டச் சொன்னேன். செவலை அதில் பல்லி மாதிரி உச்சி வரை ஏறித் தொங்கும், சுண்டு அண்ணாந்து பார்க்கும். மணல் தட்டு இப்போது நாலு, மூன்று பூனைக்கு ஒன்று கூடுதலாக இருக்கவேண்டும் என்று கணக்கு. இவர் வாயே திறக்கவில்லை.

சீறுவதைக் கேட்டு இப்போது நான் பயப்படுவதில்லை. 'கிட்டே வராதே' என்று அது வாய்விட்டுச் சொல்கிறது, குட்டிகளும் புரிந்துகொண்டு நிற்கின்றன. சத்தமே போடாமல் கண்ணைக் கொட்டாமல் ஒன்றையே பார்த்துக்கொண்டு, மணல் தட்டுக்குப் போகும் வழியை மறித்து உட்கார்ந்தால்தான் வயிற்றில் புளி கரைக்கும். அப்படி இரண்டு தடவை உட்கார்ந்தது. நடுவில் ஒரு தலையணையைப் பிடித்துக் குறுக்கே நடந்து மெதுவாகக் கலைத்தேன், அதட்டவில்லை.

ராத்திரியில் ஒன்றை யோசிக்கிறேன். சுண்டுவுக்குத் துணை வேண்டும், பாவம் தனியாக இருக்கிறது என்று எல்லோரிடமும் நான்தானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்? பூனை தனியாக வேட்டையாடும் ஜாதி, ஒரு எலி ஒரு பூனைக்கே காணாது, பங்கு போடுகிற வழக்கமே அதற்குக் கிடையாது. சுண்டு என்னிடம் துணை கேட்கவேயில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த அறையைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறவள் நான். குட்டிகள் வேண்டியிருந்தது எனக்குத்தான். அதைச் சுண்டு தலையில் கட்டிவிட்டேன். மழையில் விட்டுவிட்டு வந்திருக்க முடியாது, அது வேறு விஷயம். ஆனால் யாருக்காக என்பதையாவது உனக்குச் சரியாகச் சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது.

ஸ்டேட்டஸில் படம் பார்த்து 'செவலை எனக்கு' என்று போட்டிருந்தாயே, தர மாட்டேன். கோபப்படாதே. இரண்டும் ஒன்றோடொன்று கட்டிப் புரள்வதால்தான் சுண்டுவின் வாலை விட்டுவைக்கின்றன. ஒன்றைப் பிரித்தால் மிச்சம் இருப்பது நாள் முழுக்கக் கிழவியைத்தான் விளையாடக் கூப்பிடும். உன் வீட்டு மன்னாருக்கும் அதே கதிதான், அவன் கடுவன் வேறு, மனசு கலங்கினால் ஆண்பூனைக்கு நீர் அடைத்துக்கொண்டு ஓரிரு நாளில் உயிர் போகிற நிலைமை வரலாம். வேண்டுமென்றால் ஊரிலேயே ஜோடியாக ஒரு ஈற்றுக் குட்டிகளைப் பார், ஆனால் முதலில் மன்னார் எந்த அறையில் எங்கே படுக்கிறான் என்று ஒரு வாரம் குறித்து வை. அந்த அறையைத் தொடாதே.

நேற்று நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். கோலம் போட எழுந்தபோது அம்மா அறையில் எட்டிப் பார்த்தேன். சுண்டு நாற்காலியில். செவலை புடவைத் தலைப்பில் நகத்தை மாட்டி ஏறிக்கொண்டிருந்தான் (இப்போது 940 கிராம், கண் தேன் நிறத்துக்கு மாறிவிட்டது). ஓடிப்போய்த் தூக்கலாமா என்று கை பரபரத்தது, நிற்கலாம் என்று நின்றேன். சுண்டு ஒரு கையை அவன் தலைமேல் வைத்து அழுத்தியது, நகம் இல்லாமல். ஒரு சின்னச் சீறல். அவன் அப்படியே தட்டையாகப் படுத்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து அது கையை எடுத்து, திரும்பி, அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கையகலம் இருக்கும். கோலமாவு டப்பாவோடு அங்கேயே நின்றேன், கீழ்வீட்டில் திருப்பாவை முடிகிறவரை.

பொங்கலுக்கு நீ வந்தே ஆகவேண்டும். கருப்பட்டி கொண்டுவா, மறக்காதே. உள்ளே வந்ததும் குட்டிகளை அள்ளாதே, அவை உன் புடவையில் ஏறினாலும் கண்டுகொள்ளாதே. முதலில் அம்மா அறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து சுண்டுவுக்கு விரலை நீட்டு. அது முகர்ந்து பார்க்கட்டும். பிறகுதான் காபி.

அன்புடன்,
உன் சாரதா