மசியாத முடி

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று இரவு நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் முடி தளர்ந்து தொங்குகிறது. பிடரியில் மட்டும் சுருள் அப்படியே நிற்கிறது. கீழே ஒரு வரி எழுதியிருந்தாய்: "ரிலாக்சர் மூணாவது தடவையும் பிடிக்கலம்மா, அடுத்த தடவை பத்து நிமிஷம் கூட வச்சுப் பார்க்கட்டுமா?" போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், வைத்ததும் மறந்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

சுருளை நேராக்குகிற அந்த ரிலாக்சர் க்ரீமைப் பத்து நிமிடம் கூடுதலாக வைக்காதே. டப்பாவில் போட்டிருக்கிற நேரம்தான் கடைசி எல்லை. அது முடியைப் பார்த்துப் போட்ட கணக்கு மட்டுமில்லை, அடியில் இருக்கிற தோலையும் பார்த்துப் போட்டது. முடி மசிகிறதோ இல்லையோ, தோல் அதற்குள் வெந்துவிடும். இதை நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்பது உனக்கே தெரியும். இடது காதுக்குப் பின்னால் தடவிப் பார், ஒரு பட்டாணி அளவு முடி முளைக்காத இடம் இருக்கும். உனக்கு அப்போது 13 வயது. பிடரி மசியவில்லை என்று நான்தான் ஏழு நிமிடம் கூடுதலாக வைத்தேன். "எரியுதும்மா" என்று நீ இரண்டு தடவை சொன்னாய். "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றேன். பார்லரில் 22 வருடம் ஊரார் தலைக்கெல்லாம் கடிகாரம் பார்த்து வேலை செய்தவள், சொந்த மகளிடம் போய் அப்படிச் சொன்னேன். இன்றுவரை உன்னிடம் இதற்கு மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

சரி, முடிக்கு வருவோம். ஏன் பிடிக்கவில்லை என்று கண்டுபிடிக்க நீ ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ரிலாக்சர் போட்டதற்கு அப்புறம் முதல் தடவை தலைக்குக் குளித்தாயே, அன்று ட்ரையர் போடாமல், அயர்ன் வைக்காமல், தானாகக் காயவிட்டாயா? காய்ந்தபோது எப்படி இருந்தது?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், முடியை அதன் வடிவத்தில் பிடித்து வைத்திருக்கிற கட்டுகளில் ஒரு வகை தண்ணீரோ சூடோ பட்டாலே அவிழும், காய்ந்து ஆறியதும் மறுபடி கட்டிக்கொள்ளும். அயர்ன் போட்டால் நேராவதும், வியர்த்ததும் சுருண்டுகொள்வதும் அதனால்தான். இன்னொரு வகை கந்தகக் கட்டு, தண்ணீருக்கு அசையாது. ரிலாக்சரில் இருக்கிற காரம் அதில் போய் இரண்டு கந்தகத்தில் ஒன்றைப் பிடுங்கி எறிந்துவிடும். பிடுங்கியது பிடுங்கியதுதான், அந்த இழை பழைய சுருளுக்குத் திரும்பாது. ஆகவே தானாகக் காய்ந்த முடி முழுதாகச் சுருண்டிருந்தால், மருந்து உள்ளே போகவே இல்லை என்று அர்த்தம். அன்றைக்கு நேராகத் தெரிந்ததெல்லாம் ட்ரையர் செய்த வேலை. பாதி தளர்ந்து பாதி வளைந்திருந்தால், உள்ளே போயிருக்கிறது, வேலை முடியவில்லை. இரண்டும் வேறு வேறு கோளாறு, வைத்தியமும் வேறு.

உள்ளே போகாததற்குக் காரணம் பெரும்பாலும் மேல் தோலி. ஒவ்வொரு இழையின் மேலும் ஓடு வேய்ந்தமாதிரி செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். சிலருக்கு அது நெருக்கமாகப் படுத்துக்கொண்டிருக்கும், தண்ணீரே மெதுவாகத்தான் இறங்கும். உன் பிடரி முடி குழந்தையிலேயே அப்படி. குளித்த பின் முன்பக்கம் நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கும், பின்னால் தண்ணீர் முத்து முத்தாக மேலேயே நிற்கும். நரைமுடியிலும் இதே தொல்லையைப் பார்த்திருக்கிறேன். ஒரு முடியை டம்ளர் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கிற சோதனையை யாராவது சொன்னால் நம்பாதே. துளி எண்ணெய் ஒட்டியிருந்தாலும் எந்த முடியும் மிதக்கும்.

அப்புறம் நீ வாங்குகிற டப்பா. 'லை இல்லாதது, மென்மையானது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், அதுதானே? லை என்றால் காஸ்டிக் சோடா. அதில் க்ரீம் தனி, சின்ன பாட்டிலில் திரவம் தனி. க்ரீமில் கால்சியம் ஹைட்ராக்சைடு, திரவத்தில் குவானிடின் கார்பனேட். இரண்டையும் கலந்த பிறகுதான் வேலை செய்கிற குவானிடின் ஹைட்ராக்சைடு உருவாகும். அடிவரை கிளறிக் கலக்காமல் மேலாக ஒரு சுற்றுச் சுற்றிப் பூசினால் ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் பிடிக்காது. கலந்ததில் மிச்சத்தை மூடி வைத்து அடுத்த தடவைக்குப் பயன்படுத்துகிற வேலையும் வேண்டாம். இதற்குமேல் ஒரு சிக்கல் உண்டு. கலக்கும்போது கால்சியம் சுண்ணாம்புத்தூளாகப் பிரிந்து முடிமேல் படியும். நீ இருக்கிற இடத்தில் தண்ணீரும் உப்புத் தண்ணீர் என்றாய். தொட்டால் முடி சொரசொரவென்று, வைக்கோல் மாதிரி இருக்கிறதா? அப்படியானால் படிவு ஏறியிருக்கிறது. தாது உப்பை இழுத்து எடுக்கிற சீலேட்டிங் ஷாம்பு தனியாக விற்கிறது. அடுத்த முறை போடுவதற்கு மூன்று நாலு நாள் முன்னால் அதில் குளி. முந்தின நாளோ அன்றைக்கோ குளித்து, நகத்தால் தலையைப் பறண்டிவிட்டு இதைப் பூசினாயோ, ஒவ்வொரு கீறலும் தீயாய் எரியும். அமிலமா காரமா என்று காட்டுகிற பி.எச். அளவு இந்தக் காரத்துக்கு 13ஐ ஒட்டி இருக்கும். நம் தோலுக்கோ 5 சொச்சம்.

ஆனால் உன் விஷயத்தில் எனக்குப் பெரிய சந்தேகம் கைமேல்தான். தனியாகக் கண்ணாடி முன் நின்று பூசுகிறாய். நெற்றியில் ஆரம்பிப்பாய், கண்ணுக்குத் தெரிகிற இடமாச்சே. பின்னால் போவதற்குள் தோள் வலி எடுக்கும், பிடரியில் கட்டைவிரல் தடிமனுக்குக் கற்றை பிரித்து மேலாகத் தடவிவிட்டு வந்துவிடுவாய். கடிகாரம் மட்டும் முதல் தடவலிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். நெற்றியோரத்துப் பூனைமுடி சீக்கிரம் மசியும், அதற்கு அதிக நேரம் கிடைக்கிறது. முரட்டு முடிக்குக் கிடைப்பது மிச்சம் மீதி. நான் எப்போதும் பிடரியில்தான் ஆரம்பிப்பேன். அரை சென்டிமீட்டர் கற்றை, அடியில் தலைத்தோல் தெரிய வேண்டும், சீப்பின் முதுகால் இரண்டு பக்கமும் தடவி அமுக்குவேன். பல்லால் வாரி இழுக்கக் கூடாது, அந்த நேரத்தில் முடிக்கு வலு கிடையாது. நெற்றியோரம் கடைசியில். இதைத் தனி ஆளாகச் செய்ய முடியாது கண்ணு, யாரையாவது பின்னால் நிற்கச் சொல்.

மூன்று தடவையும் வேரிலிருந்து நுனிவரை பூசினாயா? மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் முடி வளரும். புதிதாக வளர்ந்த அந்தத் துண்டில் மட்டும்தான் மருந்து படவேண்டும். ஏற்கெனவே தளர்ந்த முடிமேல் திரும்பத் திரும்பப் பட்டால் ஒருநாள் சீப்போடு வந்துவிடும். பாதி மசிந்த இடத்தை உடனே மறுபடி போட்டுச் சரி செய்கிறேன் என்றும் உட்காராதே. அடுத்த வளர்ச்சி வரட்டும்.

அங்கே ஒரு பார்லரில் "இது பிடிக்கலன்னா ரீபாண்டிங் பண்ணிடலாம்" என்றார்களாமே. அவர்களிடம் என்ன மருந்து என்று கேள். தயோகிளைகோலேட் என்றால் எழுந்து வந்துவிடு. ரிலாக்சர் பட்ட முடிக்கும் அதற்கும் ஆகவே ஆகாது. ஒரு பெண் முன்பு ரிலாக்சர் போட்டதை எங்களிடம் மறைத்துவிட்டாள். பேசினில் அலசிக்கொண்டிருந்தேன். நல்ல ஈர முடியை இழுத்தால் கொஞ்சம் நீண்டு திரும்பும். அவளுடையது சூயிங்கம் மாதிரி நீண்டுகொண்டே வந்தது, அப்புறம் சத்தமே இல்லாமல் என் விரலோடு வந்துவிட்டது. அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தண்ணீரைத் திறந்துவிட்டபடியே நின்றேன்.

முடியை நேராக்க 'ஃபார்மால்டிஹைடு இல்லாத கெரட்டின்' சிகிச்சை என்று ஆசை காட்டினாலும் லேபிளைப் படி. கிளையாக்சிலிக் அமிலம் இருந்தால் வேண்டாம். 26 வயதுப் பெண் ஒருத்திக்கு 2020, 2021, 2022 என்று முடியை நேராக்கிக்கொண்ட மூன்று தடவையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். அவள் போட்ட க்ரீமில் இருந்தது இந்த அமிலம்தான்.

இன்னொன்றும் எழுதாமல் விட முடியவில்லை. 2022ல் அமெரிக்காவில் 33,497 பெண்களைக் கிட்டத்தட்ட 11 வருடம் கவனித்த ஆய்வின் முடிவு வந்தது. முடியை நேராக்கும் மருந்தே போடாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்று வருகிறவர்கள் 1.64 சதவீதம், வருடத்தில் நாலு தடவைக்கு மேல் போடுகிறவர்களில் 4.05 சதவீதம் என்று கணக்கிட்டிருந்தார்கள். இதனால்தான் அது வருகிறது என்று நிரூபித்துவிடவில்லை, இரண்டும் சேர்ந்து வருகிறது என்கிறார்கள். நான் வருடத்துக்கு ஆறு தடவை போட்டவள். படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தேன், வேறென்ன செய்ய? நீ எண்ணிக்கையைக் குறைத்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும். சுருட்டையோடு இருந்துவிடு என்று சொல்ல எனக்கு முகமில்லை, உன் சுருட்டையை முதலில் நேராக்கியதே நான்தான்.

போடத்தான் போகிறாய் என்றால், எரிந்த நொடியே அலசிவிடு, பாதி மசிந்தாலும் பரவாயில்லை. நிறம் மாறும் நியூட்ரலைசிங் ஷாம்பு வாங்கு. காரம் மிச்சமிருந்தால் நுரை ரோஸ் நிறத்தில் வரும். வெள்ளையாக வரும்வரை மறுபடி மறுபடி அலசு. காதுக்குப் பின்னால் விட்டுவிடுவாய், அங்கேயும்.

அதற்கு முன் ஒரு வேலை செய். பிடரியில் உள்பக்கமாகப் பத்து இழை, உச்சியில் பத்து இழை கத்தரித்து, தனித்தனியாக நூல் கட்டி, எது எங்கே எடுத்தது என்று எழுதி ஒரு கவரில் போட்டு அனுப்பு. உன் டப்பாவின் பெயரையும் எழுது. இங்கே அதே மருந்தில் போட்டு, கடிகாரம் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். ஈரமாக மடித்து வைத்துவிடாதே, பூஞ்சை பிடிக்கும்.

அம்மா